57 வயதில் எழுத்து மண்டையில் ஏறுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 57 வயது. சின்ன வயதிலிருந்தே விசைத்தறிக் கூடத்தில் வேலை. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் என்பதால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகவே இல்லை. அப்பா இறந்த பிறகு, “பஸ் போர்டாவது படிக்கோணும்” என்று அவரே ஆசைப்பட்டு ஊரில் நடக்கும் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தார். நான்கு மாதம் ஆகிறது. எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்கிறார். சேர்த்து ஒரு சொல்லாக வாசிக்க வரவில்லை. ‘கெ’, ‘கொ’ வந்தால் தடுமாறுகிறார். ‘ல’வும் ‘ள’வும் ஒன்றாகவே கேட்கிறது என்கிறார். நேற்றுப் படித்தது இன்று மறந்துபோகிறது. “எம்பட மண்டைல ஏற மாட்டீங்குது கண்ணு” என்று நோட்டை மூடிவிடுகிறார். என் மாமாவோ, “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா” என்று வரும்போதெல்லாம் சொல்லிக்காட்டுகிறார். இந்த வயதில் மூளை புதிதாக எதையும் வாங்காதா? இது மறதி நோயின் தொடக்கமா? வகுப்பை நிறுத்திவிடலாமா? மாத்திரை அட்டையைப் படிக்க வேண்டும் என்றும் ஆசைப்படுகிறார். இங்கிலீஷ் எழுத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கட்டுமா?
– ஒரு வாசகி, பல்லடம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வகுப்பை நிறுத்த வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு பார்ப்போம். உங்கள் அம்மா இப்போது இருப்பது, எழுத்துப் படிக்கிற எவருக்கும் மிகச் சிரமமான கட்டம். தனி எழுத்து தெரியும், சொல் தெரியாது. ஐந்து வயதுக் குழந்தையும் இதே இடத்தில்தான் மாதக்கணக்கில் திணறுகிறது. குழந்தையின் திணறலை நாம் படிப்பு என்கிறோம். அம்மா திணறினால் வயதைக் குறை சொல்கிறோம்.

வாசிப்பு ஏன் இவ்வளவு கஷ்டம்? பேசுவதற்கும் முகங்களை அடையாளம் காண்பதற்கும் மூளை பிறக்கும்போதே ஓரளவு தயாராக வருகிறது. வாசிப்புக்கு அப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. மனிதர்கள் எழுதத் தொடங்கி ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. பரிணாமம் அதற்கென்று மூளையில் ஓர் இடம் ஒதுக்க அந்தக் காலம் போதாது. அதனால் வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும், நீங்களும் நானும் உட்பட, வேறு வேலைக்கென்று இருந்த ஓர் இடத்தைப் பழக்கிப் பழக்கி எழுத்துக்கு மாற்றியிருக்கிறோம். இடது காதுக்குச் சற்றுப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில் அந்த இடம் இருக்கிறது. முகங்களையும் பொருட்களையும் பிரித்தறியும் பார்வைப் பகுதியின் ஒரு துண்டு அது. தமிழ் படித்தாலும் சீனம் படித்தாலும் அரபி படித்தாலும் ஏறக்குறைய அதே இடம்தான்.

அந்த இடம் பழுதானால் என்ன ஆகும் என்பது நரம்பியல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1892இல் பாரிசில் தெஜெரின் என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். பக்கவாதத்துக்குப் பிறகு அந்த மனிதர் தெளிவாகப் பேசினார், கையால் எழுதினார். ஆனால் தான் எழுதியதையே அவரால் வாசிக்க முடியவில்லை. கண்ணில் பழுதில்லை. எழுத்து மட்டும் அவருக்குப் பொருளில்லாத கோடுகளாகிவிட்டது. படிப்பின் மூலம் மூளையில் உண்டான ஒன்று அழிந்ததால் வந்த நோய் அது. உங்கள் அம்மா இப்போது அதை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்.

சிறுவயதில் விட்டதைப் பெரியவர்களால் உண்டாக்க முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. முடியும். இதை ஊகமாகச் சொல்லவில்லை, படம் பிடித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்தனிஸ்லாஸ் தெஹான் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு 2010இல் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பேரின் மூளையை ஸ்கேன் செய்தது. அவர்களில் 10 பேர் எழுத்தே அறியாதவர்கள், 22 பேர் பெரியவர்களான பிறகு படித்தவர்கள், மீதி 31 பேர் சிறுவயதில் படித்தவர்கள். எழுத்தைக் காட்டியபோது, நான் சொன்ன அந்த இடது பக்கத்து இடம் பெரியவயதில் படித்தவர்களிடமும் விழித்துக்கொண்டது. எவ்வளவு நன்றாக வாசித்தார்களோ அவ்வளவு வலுவாக வேலை செய்தது. எந்த வயதில் தொடங்கினார் என்பதைவிட எவ்வளவு வாசித்துப் பழகினார் என்பதே பெரிதாக இருந்தது.

நம் நாட்டிலேயே இன்னொரு ஆய்வு நடந்தது. 2017இல் வெளியானது. உத்தரப் பிரதேசத்தில் லக்னோவுக்கு அருகில் உள்ள கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். பெரும்பாலோர் முப்பதுகளில் இருந்த பெண்கள். முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, மூளையின் மேற்பரப்பில் மட்டுமல்லாமல் உள்ளே ஆழத்தில், கண் எங்கே திரும்ப வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் பழைய பகுதிகளுக்கும் பார்வைப் பகுதிக்கும் இடையிலான ஒத்திசைவு கூடியிருந்தது. ஆறே மாதம். அந்த ஆறு மாதத்தில் அவர்கள் எட்டியது ஏறக்குறைய ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நிலை. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூளை மாறுகிறது, ஆனால் சரளம் மெதுவாகத்தான் வருகிறது. நான்கு மாதத்தில் அம்மா தடுமாறுவது கணக்குக்குச் சரியாகவே இருக்கிறது.

“அவர்களுக்கு முப்பது வயது, அம்மாவுக்கு 57 ஆயிற்றே” என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஜெர்மனியில் 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மூன்று பந்துகளை மாறி மாறி மேலே எறிந்து பிடிக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார்கள். சராசரி வயது 60. இருபது வயதுக்காரர்கள் அளவுக்கு அவர்களுக்கு அது வசப்படவில்லை. ஆனால் மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு, அசையும் பொருளைக் கண்ணால் தொடரும் மூளைப் பகுதி அவர்களிடமும் தடித்திருந்தது. பயிற்சியை விட்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அந்தத் தடிப்பு வடிந்து போயிருந்தது. மாமாவுக்குப் பதில் சொல்ல முதல் பாதி உதவும். அம்மாவுக்கும் உங்களுக்கும் இரண்டாம் பாதிதான் முக்கியம்.

மாமா சொல்லும் பழமொழியையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. சில விஷயங்கள் உண்மையிலேயே ஐந்தில்தான் வளையும். பிறவியிலேயே கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்கு மிகச் சீக்கிரம் அறுவை செய்யாவிட்டால், பின்னால் கண்ணைச் சரிசெய்தாலும் மூளை முழுமையாகப் பார்க்கப் பழகாது. பிறவியில் காது கேளாத குழந்தைக்கு முதல் சில வருடங்களுக்குள் ஏதாவது ஒரு மொழி, அது சைகை மொழியானாலும், கிடைத்தாக வேண்டும். புதுமொழியை அந்த ஊர்க்காரர் போலவே உச்சரிப்பதும் வயதானால் அரிது. வாசிப்பு இந்தப் பட்டியலில் இல்லை. 1991–92 வாக்கில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்குவாரியிலும் வயலிலும் வேலை முடித்துவிட்டு வந்து எழுத்துப் படித்தார்கள் பெண்கள். கூடவே சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள்.

இனி அம்மாவின் தடுமாற்றத்துக்கு வருகிறேன். ‘கொடி’ என்ற சொல்லை அவர் முன்னால் வைத்துப் பாருங்கள். இடமிருந்து வலமாகப் போகும் கண்ணில் முதலில் படுவது ஒற்றைக் கொம்பு. ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது ‘க்’. கொம்பின் ஒலியை நிறுத்தி வைத்துவிட்டு, அடுத்த எழுத்தைப் பார்த்து, அதற்கு அப்புறம் வரும் காலையும் பார்த்து, மூன்றையும் சேர்த்த பிறகுதான் ‘கொ’ பிறக்கிறது. அதற்குள் ‘டி’ வந்து நிற்கிறது. நமக்கு இது கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடுவதால் இதில் ஒரு வேலை இருப்பதே தெரிவதில்லை. இந்தியிலும் இகரக் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கும். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே அத்தகைய சொற்களை வாசிக்கச் சற்றுக் கூடுதல் நேரம் ஆவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே கொம்பு வரும் எழுத்துகளை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ‘படம்’, ‘மரம்’, ‘பாடம்’, ‘தறி’, ‘பல்லடம்’ என்று பார்க்கிற வரிசையிலேயே ஒலிக்கும் சொற்களில் அம்மா ஓடட்டும். அது கைவந்த பிறகு ‘கெ’, அதற்கும் பிறகு ‘கொ’. கு, சு, து, மு என்று உகரம் ஒவ்வோர் எழுத்திலும் ஒவ்வொரு மாதிரி வளைவதால் அவற்றை விதியாகச் சொல்லாமல், தனித்தனி எழுத்தாகவே பழக்குங்கள்.

‘க் + அ = க’ என்று வகுப்பில் சொன்னால் அம்மா விழிக்கிறாரா? நிச்சயம் விழிப்பார். போர்ச்சுகலில் 1979இல் செய்த ஒரு பழைய ஆய்வில், எழுத்தறியாத பெரியவர்களிடம் ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிவிட்டு மீதியைச் சொல்லச் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு முடியவில்லை. அதே ஊர்ப்புறத்தில் பெரியவயதில் எழுத்துக் கற்றவர்கள் செய்துவிட்டார்கள். அறிவு குறைவு என்பதல்ல காரணம். சொல்லை ‘க’, ‘ம’, ‘லா’ என்று அசையாக உடைப்பது பேச்சிலேயே வந்துவிடும். அசைக்குள் மெய்யும் உயிரும் தனித்தனியாக இருப்பது எழுத்துப் பழகிய பிறகுதான் காதுக்குத் தெரியும். படிப்பு கண்ணை மட்டுமல்ல, கேட்கும் விதத்தையும் மாற்றுகிறது. அதனால் ‘க’வை முழுசாகவே கொடுங்கள். ‘க்’ பின்னால் தானே வரும்.

‘ல’வும் ‘ள’வும் ஒன்றாகக் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் இரண்டாவது தடவை படித்த வரி இதுதான். பல மாவட்டங்களில் பேச்சில் இந்த வேறுபாடு தேய்ந்திருப்பது உண்மை. ஆனால் அம்மா பல பத்தாண்டுகள் விசைத்தறிக் கூடத்தில் நின்றவர். அந்த இரைச்சல் காதை மெல்ல மெல்லக் கெடுக்கும். முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். வீட்டில் பேசுவது நன்றாகக் கேட்கும், டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார், அவ்வளவுதான் தெரியும். ச, த, ப, ட போன்றவை மங்கலாகிவிட்டிருக்கும். ஆசிரியை சொல்லும் ஒலி சரியாகக் காதில் விழாவிட்டால், அதை எந்த வடிவத்தோடு சேர்ப்பது? மூளை பாவம், வராத தகவலை வைத்து என்ன செய்யும்? அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கண்ணையும் பாருங்கள். 57 வயதில், கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி இல்லாமல் சின்ன எழுத்தைப் படிக்க முடிகிறவர்கள் மிகக் குறைவு. வாழ்நாளில் புத்தகம் பிடிக்காத ஒருவருக்குத் தன் பார்வை மங்கியிருப்பதே தெரிய வாய்ப்பில்லை. எழுத்து மங்கலாகத் தெரிவதை, எழுத்து என்றாலே இப்படித்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். கண்ணாடி, புரை, சர்க்கரை இருந்தால் விழித்திரை – இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மறதி. நேற்றுப் படித்தது இன்று மறப்பது, புதிதாகக் கற்பதன் இயல்பான பகுதி. ஒரு தடவை பார்த்ததை நியூரான்கள் என்னும் மூளை நரம்புச் செல்கள் தற்காலிகமாகத்தான் பிடித்துவைக்கின்றன. திரும்பத் திரும்ப ஒரே இணைப்பு தூண்டப்படும்போது அது வலுக்கிறது; தூக்கத்தில் மேலும் உறுதியாகிறது. ஆகவே ராத்திரி வகுப்பில் படித்ததை மறுநாள் காலை, நோட்டைத் திறக்கும் முன், நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். பாதி மறந்திருந்தாலும் பரவாயில்லை. மறந்ததை முயன்று மீட்கும் அந்தச் சில நொடிகள், பத்துத் தடவை பார்த்து எழுதுவதைவிடப் பயன் தரும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக மூன்று மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். தினமும் இருபது நிமிடம், முடிந்தால் இரண்டு வேளை. விரலாலோ சாக்பீஸாலோ பெரிதாக எழுதச் சொல்லுங்கள். கை எழுதிப் பழகிய வடிவத்தைக் கண் சீக்கிரம் அடையாளம் காண்கிறது.

மறதி நோய் வேறு மாதிரி வரும். பழகிய பாதை தவறுவது, சில்லறைக் கணக்கு தப்புவது, கேட்டதையே அரை மணி நேரத்தில் திரும்பக் கேட்பது, சமையலில் வழக்கமான வரிசை குழம்புவது. இவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை. இருந்தால் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றாலும் ஒரு ரத்தப் பரிசோதனை நல்லது. வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு குறைவும் கவனத்தை மந்தமாக்கும், இரண்டும் சரிசெய்யக்கூடியவை. அம்மா தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்றும் கவனியுங்கள். கணவரை இழந்த துக்கம் பலருக்கு அழுகையாக வராது, எதிலும் மனம் பதியாததாக வரும்.

மாமாவிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா படிக்கும் நேரத்தில் அவர் எதுவும் சொல்லாமல் இருந்தால் போதும். கூச்சமும் பதற்றமும் இருக்கும்போது, எழுத்தைப் பிடித்துவைக்க வேண்டிய கவனம் ‘யாராவது சிரிக்கிறார்களா’ என்று பார்ப்பதில் போய்விடுகிறது. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள். உதவி செய்கிற ஆர்வத்தில் அம்மா யோசித்து முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவார்கள். அதுவும் கெடுதல்தான். பத்து நொடி காத்திருக்கப் பழகட்டும்.

பஸ் போர்டு ஆசையைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பல பேருந்துகளில் எழுத்து ஓடுகிறது. ஓடும் எழுத்து, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்குப் பெரிய இடைஞ்சல். அதைப் படிக்க முடியாமல் போனால் மனம் விட்டுவிடும். கடைப் பலகை, சுவரெழுத்து, ஊர்ப் பெயர்க்கல், கல்யாணப் பத்திரிகை – அசையாமல் நிற்பவற்றில் தொடங்குங்கள். அப்புறம், நீங்கள் வெளியூரில் இருந்தால் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதைக் குறைத்துவிட்டு, தினமும் ஒரே ஒரு வரி தமிழில் அனுப்புங்கள். ‘சாப்பிட்டாயா அம்மா’ என்பது எந்தப் பாடப்புத்தகத்து வரியையும்விட அவருக்கு வேண்டிய வரி.

எவ்வளவு காலம் ஆகும்? உள்ளதைச் சொல்கிறேன். பழகிய சின்னச் சொற்களைத் தடங்கல் இல்லாமல் படிக்க இன்னும் சில மாதங்கள். ஒரு செய்தித்தாள் பத்தியை அலுப்பில்லாமல் படிக்க ஓரிரு வருடங்கள் ஆகலாம். உங்கள் வேகம் அம்மாவுக்கு வராமலே போகவும் கூடும். தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்கி, அதோடு நோட்டைக் கட்டிவைத்தவர்கள் பலர் ஒரு வருடத்தில் மறுபடி கைநாட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். பந்து வித்தைக்காரர்களுக்கு நடந்ததுதான் இதுவும். வகுப்பு முடிகிற நாளுக்குப் பிறகு வீட்டில் என்ன படிப்பார் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

கடைசியாக மாத்திரை அட்டை. இங்கிலீஷ் எழுத்தை இப்போது சேர்க்க வேண்டாம். காரணம் சுவாரசியமானது. பொருட்களைப் பார்க்கும் மூளைக்கு இடம் வலம் மாறுவது பெரிய விஷயமில்லை. மாடு இந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் மாடுதான். ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளில் ‘பி’யும் (b) ‘டி’யும் (d) கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று திரும்பி நிற்கும். அவற்றைப் பிரிக்க மூளை தன் பழைய வழக்கத்தையே விட வேண்டியிருக்கிறது. தமிழில் அப்படிப்பட்ட ஜோடி எழுத்துகள் இல்லை. எரிக் பெடர்சன் என்ற ஆய்வாளர் தமிழ் பேசுபவர்களிடம் சோதித்து 2003இல் எழுதியது இது: இடவலம் மாறிய உருவங்களைப் பிரித்தறிவதில், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களும் எழுத்தே அறியாதவர்களும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள், ஆங்கில எழுத்தும் தெரிந்தவர்கள்தான் அதில் தேறினார்கள். எந்த எழுத்தைப் படிக்கிறோமோ அதற்குத் தேவையான அளவுக்கே மூளை மாறிக்கொள்கிறது. அம்மாவுக்கு ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்றை ஏற்ற வேண்டாம். ஒரு வருடம் போகட்டும். அதுவரை, மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு ஒவ்வொரு அட்டையின் மேலும் ‘காலை’, ‘இரவு’ என்று தமிழில் ஒட்டிக்கொடுங்கள். ‘இரவு’ சீக்கிரமே படித்துவிடுவார். ‘காலை’யில் வரும் ‘லை’ இன்னும் சில வாரம் அவரைச் சோதிக்கும். பக்கத்தில் ஒரு சூரியன் வரைந்து வைத்து, அவர் எழுத்தைப் பார்த்தே சொல்லத் தொடங்கியதும் அதை எடுத்துவிடுங்கள்.

காது, கண் பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள்.